ஈரத்தில் தெரியாத வெள்ளை: ஃபிரெஸ்கோவில் நிறம் ஏற்றுவது எப்படி

பொங்கலுக்கு முந்தின நாள் இரவு, எங்கள் புளோக்கில் வீட்டு வாசலுக்கு எதிரே அம்மா மாக்கோலம் போடுவார். ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்து, அதில் ஒரு துண்டுத் துணியை நனைத்து, விரல் வழியாக இழை இழையாக மாவை விடுவார். போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காரிடார் விளக்கில் தரை நனைந்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். காலையில் கதவைத் திறந்தால் அதே கோடு பளீரென்று வெள்ளையாக நிற்கும். சின்ன வயதில் நான் "தெரியவே இல்லையே" என்று அதே கோட்டின்மேல் இன்னொரு தடவை மாவை விடப் போவேன். "வேணாம்மா, காயட்டும், அப்புறம் பாரு" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஃபிரெஸ்கோவில் வெள்ளையை எப்படிப் பயன்படுத்துவது என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கோலத்திலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் புதிதாகக் கற்பவர்கள் செய்கிற தப்புகளில் பாதி, ஈரத்தில் வெள்ளை தெரியவில்லையே என்று மேலும் மேலும் வைப்பதால் வருவது. நானும் அப்படித்தான் ஒரு முகத்தைக் கெடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஃபிரெஸ்கோ என்றால் என்ன. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் சுவரில் பூசி, அது காய்வதற்கு முன்பே, வெறும் தண்ணீரில் குழைத்த நிறப்பொடியால் அதன்மேல் வரைவது. பசை கிடையாது, எண்ணெய் கிடையாது, அக்ரிலிக் டியூப் கிடையாது. அப்படியென்றால் நிறம் எப்படிச் சுவரில் நிற்கிறது? இதற்குப் பதில் எங்கள் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலேயே இருந்தது. சுண்ணாம்பு டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால், விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இறுகிப்போய் நிற்கும். அதை நகத்தால் சுரண்ட முடியாது, தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. டப்பாவுக்குள் இருக்கும் சுண்ணாம்பு விழுது மட்டும் வெண்ணெய் மாதிரி அப்படியே இருக்கும்.

அந்த வளையம் கல். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் வைத்து 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அப்படி நீற்றிய விழுதைக் காற்றுப்பட வைத்தால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். ஃபிரெஸ்கோவில் நடப்பது இதேதான். சாந்து காயக்காய அதிலுள்ள சுண்ணாம்பு நீர் மேலே வருகிறது, மேலே வந்த இடத்தில் கல்லாகிறது, நாம் வைத்த நிறப்பொடி அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. நிறம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதில்லை, சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகிறது.

இப்போது வெள்ளைக்கு வருவோம். மற்ற நிறங்கள் எல்லாம் சுவருக்கு வெளியிலிருந்து வருகிற விருந்தாளிகள் என்றால், வெள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. செங்காவியும் மஞ்சள் காவியும் மண், கறுப்பு கரி, பச்சை ஒருவகைப் பச்சை மண். வெள்ளை மட்டும் சுண்ணாம்பு, அதாவது சுவர் எதனால் ஆனதோ அதுவேதான். இதனால் அதற்கு இரண்டு குணங்கள். ஒன்று, அது தானே இறுகிக் கல்லாகும், ஆகவே தன்னோடு கலந்த நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, ஈரத்தில் அதன் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம். ஒரு பொடி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி வளைந்து சிதறித் திரும்பி வருவதுதான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். துகளுக்கும் அதைச் சுற்றியிருப்பதற்கும் அந்த எண்ணில் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சிதறல், அவ்வளவு வெள்ளை. காற்றுக்கு அந்த எண் 1, தண்ணீருக்கு 1.33, சுண்ணாம்புக் கல்லுக்கு ஏறக்குறைய 1.6. காய்ந்த சுண்ணாம்பைச் சுற்றிக் காற்று இருப்பதால் வித்தியாசம் பெரிது, பளிச்சென்று தெரிகிறது. ஈரமாக இருக்கும்போது துகள்களுக்கு நடுவில் தண்ணீர் புகுந்துவிடுவதால் வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, ஒளி சிதறாமல் உள்ளே போய்விடுகிறது, வெள்ளை கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. மாக்கோலத்திலும் இதே கணக்குத்தான். பெயின்ட் கடையில் விற்கும் டைட்டானியம் வெள்ளைக்கு இந்த எண் 2.7 வரை போகும், அதனால்தான் அது நனைந்திருந்தாலும் வெள்ளையாகவே தெரிகிறது.

அப்படியானால் டைட்டானியம் வெள்ளையையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கலாம், சுண்ணாம்பு அதைக் கெடுக்காது. ஆனால் அது தானாக இறுகாது, சுவரிலிருந்து வரும் சுண்ணாம்பை நம்பித்தான் நிற்க வேண்டும், கொஞ்சம் தடிமனாக வைத்துவிட்டால் காய்ந்தபிறகு பொடியாக விரலில் வரும். அதன் வெள்ளையும் குளிர்ந்த, அழுத்தமான வெள்ளை. பக்கத்திலிருக்கும் மண் நிறங்களோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது என் கண்ணுக்குப் படுவது.

ஈய வெள்ளை பக்கமே போக வேண்டாம். எண்ணெய் ஓவியத்தில் பல நூற்றாண்டுகள் கோலோச்சிய வெள்ளை அது, ஆனால் சுவரில் நாளடைவில் கறுத்துப்போகும், நஞ்சும் கூட. இத்தாலியில் அசீசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்தளத்தில் 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிமாபுவே தீட்டிய சிலுவைக் காட்சியைப் படங்களில் பாருங்கள். வெளிச்சம் விழவேண்டிய இடமெல்லாம் கறுப்பாகவும் மற்ற இடமெல்லாம் வெளிறியும், பழைய ஃபிலிம் நெகட்டிவைப் பார்ப்பது போல இருக்கும். அவர் வைத்த ஈய வெள்ளை அப்படி மாறிவிட்டது. அதற்கு ஒரு நூறு ஆண்டுக்குப்பின், 1400ஐ ஒட்டிய காலத்தில், சென்னினோ சென்னினி என்ற ஓவியர் ஈய வெள்ளையைச் சுவரில் முடிந்தவரை தவிர்க்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்.

சுவருக்கு என்று அவர் சொல்லும் வெள்ளைக்கு இத்தாலியனில் 'பியாங்கோ சான் ஜொவான்னி' என்று பெயர், புனித யோவான் வெள்ளை. செய்முறை நம் ஊர் வடகம் மாதிரிதான். நன்றாக நீற்றிய சுண்ணாம்பை எடுத்து, எட்டு நாள் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, அதன் சூடு முழுக்க இறங்கியபின் சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். காயக்காய வெள்ளை கூடும். பிறகு தண்ணீர் விட்டு அரைத்துக்கொள்ள வேண்டியது. வெயிலில் கிடக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி கல்லாக மாறியிருக்கும், மீதி இன்னும் உயிரோடு இருக்கும். இந்தக் கலப்புதான் விசேஷம். கல்லான பகுதி வெள்ளைக்கு உடம்பைக் கொடுக்கிறது, மாறாத பகுதி சுவரோடு பிடித்துக்கொள்கிறது. வெறும் சுண்ணாம்பு விழுதை அப்படியே தொட்டு வரைந்தால், ஈரத்தில் ஒன்றுமே தெரியாமல் இருந்து காய்ந்ததும் ஒரேயடியாக வெளுத்துப்போகும். பாதி கல்லான வெள்ளை அந்தளவு ஏமாற்றாது.

சிங்கப்பூரில் இதைச் செய்வதில் ஒரு சிரமம், வெயில் காய்கிறதே என்று வில்லைகளை வெளியில் வைத்தால் மூன்று மணிக்கு மழை கொட்டும். நான் ஜன்னலோரம் தட்டில் வைத்து, வெயில் வரும்போது தட்டை நகர்த்தி நகர்த்தி, மூன்று வாரம் காயவிட்டேன். சுண்ணாம்பு விழுதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹார்ட்வேர் கடையில் சுவர்ப் பூச்சு, ஸ்கிம் கோட் என்று பையில் விற்பவை பெரும்பாலும் சிமென்டோ ஜிப்சமோ சேர்ந்தவை, அவை இந்த வேலைக்கு ஆகாது. சுண்ணாம்பு விழுது என்றே, பல மாதம் தண்ணீருக்குள் ஊறிய விழுதாகவே, ஓவியச் சாமான் விற்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றவே வேண்டாம், கொதித்துத் தெறிக்கும். விழுதைத் தொடும்போதுகூடக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும், இதில் தயக்கமே கூடாது.

இப்போது முக்கியமான இடம். ஃபிரெஸ்கோ வரைபவர் கையில் இரண்டு வெள்ளை இருக்கிறது: கிண்ணத்தில் கரைத்து வைத்திருக்கும் வெள்ளை ஒன்று, சுவரே தருகிற வெள்ளை இன்னொன்று. சுண்ணாம்புச் சாந்து காய்ந்தால் எவ்வளவு வெளிச்சமான வெள்ளை ஆகும் என்பதைப் பார்க்க நமக்கு இங்கேயே ஓர் இடம் உண்டு. சிட்டி ஹால் பக்கத்திலிருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1856ல் அடிக்கல் நாட்டி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். அதன் பூச்சு மதராஸ் சுனாம் என்று பெயர் பெற்றது, அந்த 'சுனாம்' நம் சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. அது ஃபிரெஸ்கோ இல்லை, அதில் ஓவியமும் இல்லை, முட்டை வெல்லமெல்லாம் நம் சாந்தில் சேர்க்கவும் கூடாது. ஆனால் வெறும் சுண்ணாம்பு எவ்வளவு வெளிச்சத்தைத் தாங்கும் என்பதை அந்தச் சுவர் பக்கத்தில் நின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

சுவரின் வெள்ளையைப் பயன்படுத்துவது வாட்டர்கலர் மாதிரி. நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து மெல்லியதாக விட்டால், ஒளி நிறத்தைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நிறம் உள்ளிருந்து எரிகிற மாதிரி, ஈரமான கண்ணாடி வளையல் மாதிரித் தெரியும். கிண்ணத்து வெள்ளையைக் கலந்தால் ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடும். நிறம் பால் கலந்த மாதிரி அடர்த்தியாகும், சற்றுக் குளிர்ச்சியாகவும் ஆகும். செங்காவியில் வெள்ளை கலந்தால் லேசாக ஊதா பக்கம் சாய்வதையும், கரியில் கலந்தால் நீலம் பூத்த சாம்பல் ஆவதையும் நீங்களே பார்க்கலாம். இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியே இல்லை. நிழலைச் சுவரின் வெள்ளையிலும் வெளிச்சத்தைக் கிண்ணத்து வெள்ளையிலும் செய்தால் படம் முன்னும் பின்னுமாக மூச்சு விடும், இது என் அனுபவம். ஆனால் எந்த இடம் எதில் என்பதை முதல் தூரிகை வைப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரு இடத்தில் அடர்த்தியாக நிறம் ஏற்றிவிட்டால் அதற்குக் கீழிருக்கும் சுவரின் வெள்ளை திரும்பக் கிடைக்காது.

சரி, நிறம் ஏற்றுவது. சென்னினி சொல்லும் மூன்று கிண்ண முறையைவிட எளிதான ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. ஒரு துணியை, ஒரு புடவையை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், செங்காவி நிறம். முதல் கிண்ணத்தில் சுத்தமான செங்காவி, வெள்ளையே இல்லாமல். மூன்றாவது கிண்ணத்தில் ஒரு கரண்டி செங்காவிக்கு இரண்டு அல்லது மூன்று கரண்டி வெள்ளை, இது வெளிச்சம். நடுக் கிண்ணத்தை வேறு கணக்கில் கலக்காதீர்கள். முதல் கிண்ணத்திலும் மூன்றாவதிலும் சம அளவு எடுத்து ஊற்றினால் போதும், தானாகவே நடுநிறம் கிடைக்கும். மடிப்பின் பள்ளத்தில் முதல் நிறம், அதை ஒட்டி நடுநிறம், மேட்டில் வெளிச்ச நிறம். மூன்றும் சந்திக்கும் ஓரங்களைத் தேய்த்துக் கலக்காமல், சின்னத் தூரிகையால் இழை இழையாகக் கோடு போட்டு ஒன்றை மற்றொன்றுக்குள் நுழையவிடுங்கள். ஈரச் சாந்தை ரொம்பத் தேய்த்தால் அதிலிருக்கும் சுண்ணாம்பு கிளறி மேலே வந்து நிறத்தோடு கலந்துவிடும், நீங்கள் கேட்காத ஒரு வெள்ளை மூட்டம் படம் முழுக்கப் படரும். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் சுத்த வெள்ளை.

அன்றைய வேலைக்கு வேண்டிய மூன்று கிண்ணத்தையும் சாந்து பூசுவதற்கு முன்பே, தேவைக்கு அதிகமாகவே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கலப்பது ஏறக்குறைய முடியாத காரியம், ஏனென்றால் கிண்ணத்தில் ஈரமாக இருக்கும் நிறமும் சுவரில் காயத் தொடங்கிய நிறமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியாது.

அப்படியானால் கலந்த நிறம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? ஐரோப்பிய ஓவியர்கள் காய்ந்த பழுப்பு மண் கட்டியில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார்கள், மண் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும், நிறம் காய்ந்த முகத்தைக் காட்டிவிடும். எனக்கு அகல் விளக்கு போதுமாக இருக்கிறது. தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்குகிற சாதாரண மண் அகல், வண்ணம் பூசாதது, எண்ணெய் ஊற்றாத புதுசு. அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் தூரிகையால் ஒரு கோடு இழுத்தால், வைத்த கணத்தில் ஈரம் பளபளக்கும், பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மினுமினுப்பு சுருங்கிக்கொண்டே வரும், கடைசிப் புள்ளி மறைந்ததும் நிறம் சட்டென்று இரண்டு படி வெளுக்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் வேறு கிண்ணத்தைத் தொட்டுவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். மூன்று கிண்ணத்துக்கும் மூன்று கோடு இழுத்து, காய்ந்தபின் படிகள் சமமாக இருக்கின்றனவா பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது கிண்ணத்தில் வெள்ளை அதிகமாகியிருக்கும். அந்த அகலை வரையும்போது பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சுவரை நம்பாமல் அதை நம்புங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் அடித்திருக்கும், அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, ஆகவே மினுக்குப் பூசாத செம்மண் ஓடு ஒன்றை வாங்கி அதன் முரட்டுப் பக்கத்தில் பழகுங்கள். ஓட்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு கழுவிய மணல் சேர்த்த சாந்தை அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பூசுங்கள். உடனே வரையக்கூடாது. மினுமினுப்பு அடங்கி, விரலால் மெதுவாகத் தொட்டால் பள்ளம் விழாமல் விரலும் நனையாமல் இருக்கும் பதம் வரவேண்டும், என் வீட்டில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதலில் மெல்லிய நிறங்கள். அடுத்த சில மணி நேரத்தில் சாந்து நிறத்தைக் குடிக்கிற வேகம் கூடிக்கொண்டே வரும், வெள்ளை கலந்த நிறங்களை வைக்க அதுதான் நல்ல சமயம். தூரிகை இழுபட ஆரம்பித்து, வைத்த நிறம் வைத்த உடனே மங்கலாக வெளுக்கிறதென்றால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வைப்பது சுவருக்குள் போகாது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் சாந்து மெதுவாகத்தான் காயும், நமக்கு அது வசதி. ஏர்கான் போட்டுவிட்டால் அந்த வசதி போய்விடும், மேல்பக்கம் சீக்கிரம் உலர்ந்து நிறம் பொடியாக நிற்கும். வேர்த்தாலும் பரவாயில்லை, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை பாருங்கள்.

ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே சாந்து பூசும் இந்த வழக்கத்துக்கு இத்தாலியனில் 'ஜொர்னாத்தா' என்று பெயர், ஒரு நாள் வேலை. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் தேவாலயத்து விதானத்தைத் தீட்டியதும் இப்படி நாள் நாளாகத்தான்.

தோல் நிறத்துக்கு வருகிறேன், நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஃபிரெஸ்கோ பற்றிக் கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய முகத்தை மனதில் வைத்தவை. பச்சை மண்ணால் மெல்லிய அடித்தளம், அதன்மேல் இரண்டு பங்கு செங்காவிக்கு ஒரு பங்கு வெள்ளை கலந்த நிறம், அதையும் வெள்ளையால் மூன்று படியாக்கி, கன்னத்துக்கும் மூக்குக்கும் வெளிச்சம். அந்த முகத்துக்கு அது அழகாக வரும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அப்படியே செய்தால் முகம் சாம்பல் பூத்துவிடும்.

எங்கள் பாட்டியின் பழைய பாஸ்போர்ட் படத்தை வைத்து நான் முதல் முகத்தை வரைந்தேன். நல்ல கறுப்பு, எண்ணெய் தடவிய மாதிரி மின்னும் நெற்றி. நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் செங்காவியோடு வெள்ளை கலந்து வைத்தேன், தெரியவில்லை. மறுபடி வைத்தேன், கொஞ்சம் தெரிந்தது. மூன்றாவது தடவை வைத்தபோதுதான் படத்திலிருக்கும் அந்த மின்னல் வந்த மாதிரி இருந்தது, சந்தோஷமாகத் தூங்கப் போனேன். காலையில் அம்மா ஓட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டி இப்படியா இருந்தாங்க? முகத்துல பவுடர் அப்பின மாதிரி இருக்கேம்மா" என்றார். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. நிறம் தப்பு என்பதைவிட, அவர் நிறத்தை நான் வெளுக்க வைத்துவிட்டேன் என்பது உறுத்தியது.

இப்போது நான் செய்வது இப்படி. அடித்தளத்துக்குச் செங்காவி, மஞ்சள் காவி, ஒரு துளி கரி, மூன்றையும் தண்ணீராகக் கரைத்து முகம் முழுக்க ஒரு மெல்லிய படலம், வெள்ளையே இல்லாமல். கீழிருந்து சுவரின் வெள்ளை வெளிச்சம் தரட்டும். நிழல் பக்கத்தில் அதே நிறத்தை இரண்டாவது, மூன்றாவது படலமாக ஏற்றுவேன், ஒவ்வொன்றும் உறிஞ்சப்படும் வரை காத்திருந்து. இங்கே இருட்டை ஏற்றித்தான் வெளிச்சத்தைக் கொண்டுவருகிறோம், முதலில் விட்ட ஒற்றைப் படலமே மேடாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அடுத்து மேட்டுக்குப் போகும்போது வெள்ளையைத் தொடாமல் மஞ்சள் காவியைத் தொடுவேன், அதற்கு இயல்பாகவே வெளிச்சமும் சூடும் உண்டு. அதற்கும் மேலே வேண்டுமென்றால் மட்டும் மஞ்சள் காவியில் கொஞ்சம், ஒரு கரண்டிக்குக் கால் கரண்டி, வெள்ளை. கறுப்புத் தோலில் மின்னுவது தோலின் நிறம் வெளுப்பதால் இல்லை, மேலே ஒளி வழுக்குவதால். ஆகவே அந்த இடம் சின்னதாக, ஓரம் கூர்மையாக இருக்கவேண்டும். பெரிதாகப் பரப்பினால் பவுடர்தான்.

நம் பழைய ஓவியங்களில் இதற்குப் பாடம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை என்ற முடிவுக்கு வந்தார். காவிகள், பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை என்று அங்கே பயன்பட்டவை பெரும்பாலும் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் அதே பொருள்கள். அதில் சுந்தரர் வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகிற காட்சியும், ஆடும் பெண்களும் உண்டு. நல்ல படங்கள் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். மாநிற உடம்பும் கறுத்த உடம்பும் எவ்வளவு குறைந்த நிறங்களில், எவ்வளவு சூடாக நிற்கின்றன என்பதைப் பார்த்தால், ஐரோப்பியப் பாடத்தின் இளஞ்சிவப்பு நமக்கு எதற்கு என்று தோன்றும்.

நிறங்களைப் பொறுத்தவரை ஆரம்பத்தில் மண் நிறங்களோடு நில்லுங்கள். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அந்தக் காரத்தைத் தாங்காத நிறங்கள் உண்டு. பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பழுப்பாகிவிடும். நீலம் வேண்டுமென்றால் கோபால்ட் நீலம் தாங்கும்.

வெள்ளை அதிகமாகிவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் அந்த இடத்துச் சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து பூசி மறுபடி வரையலாம். காய்ந்தபிறகு தெரிந்தால், முட்டையோ பாலின் கேசீனோ கலந்த நிறத்தால் மேலே மெல்லியதாக இருட்டலாம், ஆனால் அது சுவருக்குள் போகாது, மேலேதான் இருக்கும். இல்லாவிட்டால் அந்த நாள் வேலையை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி செய்வது. பெரிய ஓவியர்களும் அதைத்தான் செய்தார்கள். நான் பாட்டியின் முகத்தைக் கொத்தவில்லை, அந்த ஓட்டை அப்படியே வைத்துவிட்டு இன்னொரு ஓடு வாங்கிக்கொண்டேன். எதையும் முடிவுசெய்வதற்கு முன் பத்து நாளாவது பொறுங்கள், சாந்தின் உள்ஈரம் போகப்போக நிறம் இன்னும் கொஞ்சம் வெளுக்கும்.

இரண்டாவது ஓட்டில் நெற்றிக்கு வெள்ளையே வைக்கவில்லை. மஞ்சள் காவியோடு நின்றுவிட்டேன். மாலை ஆறு மணிக்குத் தூரிகை லேசாக இழுபட ஆரம்பித்தபோது, பாட்டியின் மூக்குத்திக்கு மட்டும், மூன்று வாரம் காயவைத்த வில்லையை அரைத்து, சுத்த வெள்ளையில் ஊசிமுனை அளவு ஒரு பொட்டு. வைத்துவிட்டுப் பார்த்தால் வைத்த இடமே தெரியவில்லை. இன்னொரு தடவை வைக்கலாமா என்று கை போனது. தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார். "மூக்குத்தி மின்னுது" என்றார்.